குழாயின் நுனி எங்கே நிற்கிறது?
குறைமாதக் குழந்தையின் கைச் சிரை வழியே நூல்போன்ற குழாயைச் செலுத்தி, இதயத்துக்கு அருகிலுள்ள பெருஞ்சிரையில் அதன் நுனியை நிறுத்துகிறார்கள். குடல் முதிரும்வரை பெரும்பகுதி ஊட்டம் இந்த வழியாகத்தான். குழாய் சரியாகச் சேர்ந்துவிட்டதென்று முதல் எக்ஸ்ரே சொன்னால் மட்டும் போதாது. நுனி ஓரிடத்தில் நிற்பதில்லை. முழங்கையை மடக்கினாலே உள்நோக்கி நகர்ந்து இதய அறைக்குள் போய்விடலாம். அங்கே மெல்லிய சுவரை உரசியபடி அடர்ந்த சர்க்கரைக் கரைசல் இறங்கினால், திசு புண்பட்டு இதய உறைக்குள் திரவம் கசியும். சுற்றிலும் நீர் நெருக்க, இதயம் விரிய முடியாமல் திணறும். இத்தகைய குழந்தைகளின் இதய உறையிலிருந்து உறிஞ்சிய திரவம் பெரும்பாலும் ரத்தமாக இல்லாமல், ஏற்றிய கரைசலைப் போலவே இருப்பது இதற்கு வலுவான சான்று.

நுனியை இன்னும் தள்ளியே வைக்கலாமே என்று கேட்கலாம். சிறு சிரையில் ரத்த ஓட்டம் குறைவு. கரைசல் நீர்த்துப்போகாமல் சுவரை அரிக்கும், ரத்தம் உறையும். எனவே பெருஞ்சிரைதான் இடம், ஆனால் இதயத்துக்கு வெளியே. கை மடங்கிய இயல்பு நிலையில் படமெடுத்து, பின்னரும் சரிபார்க்க வேண்டும். குழாயுள்ள குழந்தை திடீரென்று துவண்டால், நோய்த்தொற்று என்று மட்டும் எண்ணிக் காத்திருக்கக் கூடாது. கரைசலை நிறுத்தி, உடனே இதய ஸ்கேன் பார்த்து, ஊசியால் அந்த நீரை வெளியேற்றினால் பல குழந்தைகளுக்குத் துடிப்பு சில நிமிடங்களில் மீள்கிறது.