கடையின் கணக்கு – 8
கூடையில் இருப்பது ஆசை. ஆர்டரில் இருப்பது வாக்கு

சென்ற வாரம், பொருள் பட்டியலை டேட்டாபேஸில் எப்படி அடுக்குவது என்று பார்த்தோம். பொருளுக்கு ஓர் எண், பெயர், விலை, கையிருப்பு. இந்த நான்கும் ஒழுங்காக இருந்தால் ஆன்லைன் கடை பாதி தயார். மீதிப் பாதி, வாடிக்கையாளர் ‘கார்ட்டில் சேர்’ என்ற பட்டனை அழுத்தும்போது தொடங்குகிறது. அந்த பட்டனையும் டேட்டாபேஸையும் இணைக்கும் வேலை பார்ப்பதற்குச் சிறியதாகத் தெரியும். ஆனால், அதில் பிசகினால் பணமும் போகும், கடையின் நல்ல பெயரும் போகும்.

முதல் சிக்கல் இணையத்தின் பிறவிக் குணம். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்.டி.டி.பி. முறைக்கு ஞாபகம் கிடையாது. பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். கொடுத்த கையோடு கேட்டவரை மறந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் அதே ஆள்தானா என்று அதற்குத் தெரியாது. செய்தி படிக்க இது போதும், கடை நடத்தப் போதாது. சேலையைக் கூடையில் போட்டுவிட்டு ரவிக்கைத் துணி பார்க்கப் போகிறவருக்கு, திரும்பி வரும்போது கூடை காலியாக இருக்கும்.

1994-ல் இந்தச் சிக்கல் நெட்ஸ்கேப் நிறுவனத்திடம் வந்தது. எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் இணையத்தில் கடை போட விரும்பியது. ஆனால், வாங்கி முடிக்காதவர்களின் அரைகுறைக் கணக்கையெல்லாம் தன் சர்வரில் சுமக்க அதற்கு இஷ்டமில்லை. வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரிலேயே அதை வைக்க வழி உண்டா என்று கேட்டது. நெட்ஸ்கேப்பின் இளம் பொறியாளர் லூ மோன்டுல்லி அதற்குக் கண்ட வழிதான் ‘குக்கி’. சர்வர் ஒரு சிறு குறிப்பைக் கொடுக்கும். பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, திரும்ப வரும்போதெல்லாம் காட்டும். இன்று விளம்பரக்காரர்கள் நம்மைப் பின்தொடரப் பயன்படுத்தும் குக்கிக்குப் பின்னால் இப்படி ஒரு கடைக் கூடையின் கதை இருக்கிறது.

கணக்கை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவைக்கும் வழக்கத்தின் ஆபத்து சில ஆண்டுகளில் தெரிந்தது. அன்றைய கார்ட் மென்பொருள்கள் சில, பொருளின் விலையைக்கூட பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் எழுதி பிரவுசருக்கு அனுப்பின. வாடிக்கையாளர் ‘வாங்கு’ என்று அழுத்தினால் அந்த விலை திரும்பி வரும். சர்வர் அதை நம்பி பில் போடும். பக்கத்தைச் சேமித்து, விலையைத் திருத்தித் திருப்பி அனுப்பப் பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவையில்லை. இப்படி விலையை மாற்ற இடம்கொடுத்த 11 கார்ட் மென்பொருள்களைக் கண்டுபிடித்து, 2000 பிப்ரவரியில் இன்டர்நெட் செக்யூரிட்டி சிஸ்டம்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது.

அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி இது: பிரவுசரிலிருந்து வரும் செய்தியில் எந்தப் பொருள், எத்தனை என்ற இரண்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விலை, தள்ளுபடி, கூரியர் கட்டணம், மொத்தத் தொகை எல்லாவற்றையும் சர்வர் தன் டேட்டாபேஸைப் பார்த்துத் தானே கணக்கிட வேண்டும். ‘எத்தனை’ என்பதையும் சோதிக்காமல் விடக் கூடாது. ஒரு சேலையோடு இன்னொரு பொருளை ‘மைனஸ் 2’ என்று சேர்த்து அனுப்பினால், பில் தொகை தானாகக் குறைந்துவிடும்.

இன்று நல்ல கடைகளில், குக்கியில் யாரும் ஊகிக்க முடியாத நீண்ட எண் ஒன்று மட்டும் இருக்கும். கூடை டேட்டாபேஸில் இருக்கும். அதற்கு இரண்டு டேபிள்கள் போதும். முதலாவதில் கூடையின் எண், யாருடையது, கடைசியாக எப்போது தொட்டார்கள் என்ற விவரங்கள். இரண்டாவதில் கூடையின் எண், பொருளின் எண், எத்தனை. விலைக்கு அங்கே இடமில்லை. கூடையைத் திறக்கும்போதெல்லாம் பொருள் பட்டியலிலிருந்து அன்றைய விலையை எடுத்துக்காட்ட வேண்டும்.

கூடை எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கலாம் என்பதற்கு அமேசானே சாட்சி. அதன் பொறியாளர்கள் ‘டைனமோ’ என்ற தங்கள் சேமிப்பு முறையைப் பற்றி 2007-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எழுதிய ஒன்பது பேரில் வெர்னர் வோகல்ஸ், அவினாஷ் லக்‌ஷ்மன், சுவாமிநாதன் சிவசுப்ரமணியன் ஆகியோரும் உண்டு. கூடையின் பிரதிகளைப் பல கம்ப்யூட்டர்களில் வைத்தார்கள். சில பழுதானாலும் ‘கார்ட்டில் சேர்’ பட்டன் வேலை செய்ய வேண்டும் என்பது குறிக்கோள். பிரதிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், இரண்டிலும் உள்ள பொருள்களைச் சேர்த்து ஒரே கூடையாக்கினார்கள். இதனால், சேர்த்த பொருள் தொலையாது. ஆனால், நீக்கிய பொருள் சில சமயம் திரும்பவும் தலைகாட்டும். அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். சேர்த்த பொருள் காணாமல் போனால் விற்பனை போகும். நீக்கிய பொருள் திரும்பி வந்தால், பணம் கட்டும் முன் வாடிக்கையாளரே பார்த்து எடுத்துவிடுவார்.

நம் ஊர்ச் சிறு கடைகளுக்கு டைனமோ தேவையில்லை. மை.எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரஸ் போன்ற வழக்கமான டேட்டாபேஸ் தாராளமாகப் போதும். ஆனால், அந்த யோசனை நமக்கும் வேண்டும். கூடையில் இருப்பது ஆசை. அங்கே சின்னப் பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆர்டர் என்பது கடைக்காரர் கொடுக்கும் வாக்கு. அங்கே ஓர் எண்கூட தவறக் கூடாது.

கைத்தறிச் சேலைக் கடையில் ஒரு டிசைனுக்கு ஒரே சேலைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேலத்தில் ஒருவரும் சிங்கப்பூரில் ஒருவரும் ஒரே நொடியில் ‘வாங்கு’ என்று அழுத்துகிறார்கள். முதலாமவருக்காக புரோகிராம் கையிருப்பைப் படிக்கிறது: 1. அது கழித்து எழுதுவதற்குள், இரண்டாமவருக்காகவும் படிக்கிறது: 1. இருவருக்கும் ‘இருக்கிறது’ என்ற பதில் போகிறது. முதல் புரோகிராம் 0 என்று எழுதுகிறது. இரண்டாவதும் 0 என்று எழுதுகிறது. சேலை ஒன்று, ஆர்டர் இரண்டு. கையிருப்புக் கணக்கோ 0 என்று சரியாகவே காட்டுகிறது. பார்சல் கட்டும்போதுதான் விஷயம் தெரியும்.

‘முதலில் படி, பிறகு எழுது’ என்று வேலையை இரண்டாக உடைப்பதுதான் இதற்குக் காரணம். டேட்டாபேஸுக்கு ஒரே கட்டளையாகச் சொல்ல வேண்டும்: ‘இந்தச் சேலையின் கையிருப்பு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒன்றைக் கழி.’ ஒருவருக்காகக் கழிக்கும் வரை, டேபிளில் அந்தச் சேலைக்குரிய வரியை டேட்டாபேஸ் பூட்டிவைக்கும். மற்றவர் காத்திருக்க வேண்டும். முடிந்ததும், எத்தனை வரிகள் மாறின என்று பதில் வரும். 1 என்றால் சேலை உங்களுக்கு. 0 என்றால், ‘மன்னிக்கவும், விற்றுவிட்டது’ என்று பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடலாம்.

கையிருப்பைக் கழிப்பது, ஆர்டரை எழுதுவது, அதன் பொருள்களை எழுதுவது ஆகிய மூன்றையும் ஒரே ‘டிரான்சாக்‌ஷன்’ ஆகக் கட்ட வேண்டும். நடந்தால் மூன்றும் நடக்கும். நடுவில் கரன்ட் போனால் மூன்றும் நடக்காததாகிவிடும். சேலை கழிந்து ஆர்டர் இல்லாத நிலையோ, ஆர்டர் இருந்து சேலை கழியாத நிலையோ வரவே வராது. வங்கிகளும் டிக்கெட் முன்பதிவும் நம்பியிருக்கும் இந்தக் கருத்துக்குத் தெளிவான உருவம் கொடுத்தவர்களில் ஜிம் கிரே முதன்மையானவர். கம்ப்யூட்டர் துறையின் 1998-க்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

ஆர்டரை எழுதும்போது அன்றைய விலையையும் அதிலேயே பதிந்துவிடுங்கள். பொருள் பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தீபாவளிக்கு விலையை மாற்றும் அன்று பழைய பில்களும் மாறிவிடும். ஜி.எஸ்.டி. கணக்கு எதனோடும் ஒட்டாது.

இனி, பணம். ஆர்டரை ‘பணம் வரவில்லை’ என்ற நிலையில் எழுதிய பிறகே வாடிக்கையாளரை, பணம் வசூலித்துக் கொடுக்கும் பேமென்ட் கேட்வேக்கு அனுப்ப வேண்டும். அவர் யூ.பி.ஐ. பின் போட்டதும் போன் அணைந்துவிடலாம். ‘நன்றி’ பக்கம் திறந்தால்தான் பணம் வந்ததாக எடுத்துக்கொள்ளும் கடை, அவருடைய பணத்தை வாங்கிக்கொண்டு பொருளை அனுப்பாது. அதனால்தான், கேட்வே உங்கள் சர்வருக்குத் தனியே ‘வெப்ஹுக்’ என்ற செய்தி அனுப்புகிறது. அது கேட்வேயிடமிருந்துதான் வந்ததா என்று அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். தொகை ஆர்டரோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே செய்தி இரண்டு முறையும் வரலாம். ஓர் ஆர்டரை ஒரு முறைதான் ‘பணம் வந்தது’ என்று மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒரே பணத்துக்கு இரண்டு பார்சல் போகும். பணம் வராமல் தேங்கிய ஆர்டர்களை, நீங்கள் வைக்கும் கெடு முடிந்ததும் ரத்துசெய்து, சேலையைக் கையிருப்பில் திரும்பச் சேர்க்க வேண்டும். கார்டு எண்ணை மட்டும் எங்கேயும் சேமிக்காதீர்கள். 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி கடைகள் அதை வைத்திருக்கக் கூடாது.

இதையெல்லாம் நீங்களே எழுதப்போவதில்லை. ஒரு டெவலப்பரோ, தயார்நிலையில் கிடைக்கும் மென்பொருளோ செய்துவிடும். ஆனால், கடை உங்களுடையது. திறப்புவிழாவுக்கு முன் மூன்று சோதனைகளை நீங்களே செய்துபாருங்கள். ஒரே ஒரு கையிருப்புள்ள பொருளை இரண்டு போன்களில் ஒரே நேரத்தில் வாங்குங்கள். ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். கூடையில் பொருளை வைத்துவிட்டு விலையை மாற்றுங்கள். புது விலை தெரிய வேண்டும், முந்தைய ஆர்டர்களின் விலை அசையக் கூடாது. பணம் கட்டியதும் பிரவுசரை மூடுங்கள். ஆர்டர் உறுதியாகியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும், அது சரியாகும் வரை கடையைத் திறக்காதீர்கள். முகம் தெரியாத கடையை நம்பி முதலில் பணம் கட்டும் வாடிக்கையாளருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது.

அடுத்த வாரம்: திருப்பி அனுப்பிய பொருளும் திரும்பக் கொடுக்கும் பணமும்.

(தொடரும்)