கையில் உள்ள பணம் எல்லாம் இலாபம் அல்ல
காப்புறுதிக் கம்பனிகளின் பாதீடு தரும் பாடம்

காப்புறுதியைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் நமது வியாபாரிகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வருடா வருடம் காசு கட்டுகிறோம். கடைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் கட்டியதெல்லாம் கம்பனிக்கு இலாபம்தானே?" இதற்கு விடை காண வேண்டுமானால், ஒரு காப்புறுதிக் கம்பனி தனது பாதீட்டை எப்படித் தயாரிக்கிறது என்று பார்க்க வேண்டும். அதில் நமது கடைக் கணக்குக்கும் நல்ல பாடம் இருக்கிறது.

புடைவைக் கடைக்காரர் முதலில் பொருளை வாங்குகிறார், பின்னர் விற்கிறார். அடக்க விலை அவருக்குத் தெரியும். காப்புறுதிக் கம்பனிக்கோ விற்பனை முந்தி, அடக்க விலை பிந்தி. கட்டணத்தை இன்று வாங்கிவிட்டு, வருடம் முழுவதும் என்ன நடக்குமோ என்று காத்திருக்க வேண்டும். ஆகவேதான் கைக்கு வந்த பணத்தை வருமானம் என்று எண்ணுமுன் அதைப் பங்கு பிரிக்கிறார்கள்.

ஓர் உதாரணம். ஒக்டோபர் முதலாம் திகதி ஒருவர் ஒரு வருடத்துக்கு 120,000 ரூபா கட்டுகிறார். டிசம்பர் 31 இல் கணக்கு முடிக்கும்போது கம்பனி தனது வருமானமாகக் காட்டக்கூடியது மூன்று மாதத்துக்குரிய 30,000 ரூபா மட்டுமே. மீதி 90,000 ரூபா இன்னும் உழைக்கப்படாத பணம். அது ஒதுக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது நட்டஈட்டுக்கான ஒதுக்கம். டிசம்பர் 28 இல் நடந்த விபத்து ஜனவரியில்தான் கம்பனிக்குத் தெரியவரலாம். இப்படி நடந்தும் அறிவிக்கப்படாத இழப்புகளுக்கும் கணிப்பாளர்களைக் கொண்டு ஒரு தொகை கணிக்கப்படுகிறது. தன்னால் தாங்க முடியாத பெரிய இழப்புகளுக்காகக் கட்டணத்தில் ஒரு பகுதி மீள்காப்புறுதிக்குப் போகிறது. முகவர் தரகு, சம்பளம், கிளை வாடகை வேறு.

உழைத்த 100 ரூபாவில் நட்டஈடு 65 ரூபா, செலவு 33 ரூபா என்று பாதீடு போட்டால் மிச்சம் 2 ரூபா. நட்டஈடு 70 ரூபாவானால் 3 ரூபா நட்டம். இவ்வளவு மெல்லிய கோட்டில்தான் கணக்கு ஓடுகிறது.

2022 இல் நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். வருடத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாவை எட்டியது. பழைய விலையில் கட்டணம் வாங்கிய வாகனங்களுக்குப் புதிய விலையில் உதிரிப்பாகம் போட வேண்டியிருந்தது. நமது இறக்குமதி வியாபாரிகளுக்கும் அதே கதைதான். பழைய சரக்கை விற்று நல்ல இலாபம் என்று எண்ணியவர்கள், அந்தப் பணத்தைக் கொண்டு அதே அளவு சரக்கை மீண்டும் எடுக்க முடியாமல் தவித்தார்கள். அடக்க விலை பின்னால் வரும் என்பது காப்புறுதிக்கு மட்டும் உரிய விதியல்ல.

தகாபுல் முறையில் இந்தப் பங்கு பிரிப்பு இன்னும் தெளிவானது. பங்குபற்றுநர்களின் நிதி வேறு, கம்பனியை நடத்துபவர்களின் நிதி வேறு. நடத்துபவர் தமக்குரிய கட்டணத்தை எடுத்துக்கொள்கிறார். பங்குபற்றுநர் நிதியில் பற்றாக்குறை வந்தால் கர்ழ் ஹஸன் என்ற வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து ஈடுசெய்கிறார். நமது கடைகளில் எப்படி? வீட்டுச் செலவு, பிள்ளையின் கல்யாணம், சப்ளையருக்குரிய காசோலை எல்லாம் ஒரே லாச்சியிலிருந்துதான் போகின்றன.

நான் சொல்ல விரும்புவது மூன்று விடயங்கள். முதலாவது, வீட்டுக்கென்று மாதாந்தம் ஒரு தொகையைத் தீர்மானித்து, அதற்கு மேல் லாச்சியில் கை வைக்காதீர்கள். இரண்டாவது, நோன்புப் பெருநாள் விற்பனைப் பணம் வந்தவுடன், திகதியிட்டுக் கொடுத்த காசோலைகளுக்கும் அடுத்த சரக்குக்கும் உரியதை முதலில் ஒதுக்குங்கள். ஏழு செழிப்பான வருடங்களின் விளைச்சலை ஏழு பஞ்ச வருடங்களுக்காகச் சேமிக்கச் சொன்ன யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம்.

மூன்றாவது, காப்புறுதித் தொகையை இன்றைய விலைக்குத் திருத்துங்கள். ஒரு கோடி ரூபா சரக்கை 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்குத் தீயில் 20 இலட்சம் இழப்பு ஏற்பட்டால், பொதுவாக 10 இலட்சமே கிடைக்கும். பாதிப் பெறுமதிக்குக் கட்டணம் கட்டியவர் மறு பாதியைத் தானே சுமக்கிறார் என்பதுதான் நியாயம். கலவரத்தால் வரும் சேதத்துக்கும் உங்கள் பத்திரத்தில் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஸகாத்துக்காக வருடத்துக்கு ஒரு தடவை சரக்கைச் சந்தை விலையில் மதிப்பிடுகிறோம். அந்தப் பட்டியலின் ஒரு பிரதியைக் காப்புறுதிக் கோப்பிலும் வையுங்கள். அடுத்த வருடப் பாதீட்டை அதிலிருந்தே தொடங்கலாம்.