மலைச் சரிவில் மரச் சுவர்: விதி உண்டு, மரம் இல்லை

புது தில்லி: இமயமலைச் சரிவுகளில் நிலநடுக்கத்தைத் தாங்கும் வீடு கட்ட, மத்திய அரசின் விதிநூலிலேயே வழி இருக்கிறது. மரச்சட்டங்களை நிறுத்தி, இடைவெளியைச் செங்கல்லால் நிரப்பும் சுவருக்கு ஐ.எஸ். 4326 தரவிதி இடமளிக்கிறது. ஆனால், மலைவாழ் மக்களுக்கு அந்த வழி ஏறத்தாழ அடைபட்டே கிடக்கிறது.

இது புதிய முறையன்று. இமாசலப் பிரதேசத்தின் 'காத்-குனி' வீடுகளில் தேவதாரு உத்தரங்களும் கல்வரிசைகளும் மாறி மாறி அடுக்கப்படுகின்றன. காஷ்மீரின் 'தஜ்ஜி தேவாரி' சுவர்களில் மரச்சட்டக் கட்டங்களுக்குள் கல்லும் மண்ணும் நிரப்பப்படுகின்றன. 2005 அக்டோபர் 8-ல் காஷ்மீரை 7.6 அளவு நிலநடுக்கம் தாக்கியபோது, கல் கட்டடங்கள் சரிந்த இடங்களிலும் இத்தகைய வீடுகள் பல நிலைத்து நின்றன. பின்னர் பாகிஸ்தான் அரசு தன் பகுதியின் மறுகட்டுமானத்தில் இம்முறையை ஏற்றுக்கொண்டது.

சரிவில் கட்டும்போது கவனிக்க வேண்டியது அஸ்திவாரம். சாய்வாக அமைத்தால் அது வழுக்கும். எனவே படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் சமதளமாக்குகிறார்கள். அப்போது மேட்டுப்புறச் சட்டங்கள் குட்டையாகவும் பள்ளத்துப்புறச் சட்டங்கள் நெட்டையாகவும் அமையும். நிலம் குலுங்கினால் விறைப்பான குட்டைச் சட்டங்களே பெரும்பங்கு விசையை ஏற்கும், வீடு முறுக்கிக்கொள்ளும். சரிவில் நிற்கும் கான்கிரீட் தூண்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கல் பீடத்தை ஒரே மட்டத்துக்கு உயர்த்தி அதன்மேல் சட்டங்களை நிறுத்துவதும், மூலைவிட்டச் சட்டங்களால் அவற்றைப் பிணைப்பதும் இதற்குப் பரிகாரம்.

மரத்துக்கும் குறைகள் உண்டு: தீ, கரையான், ஈரம். சரிவே நழுவினால் எந்தச் சுவரும் காக்காது என்பதை 2023 ஜனவரியில் ஜோஷிமட் உணர்த்தியது.

பெரிய தடை மரம் கிடைக்காததுதான். நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகள் தொடர்பாகத் தொடுக்கப்பட்ட கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இமயமலை மாநிலங்களிலும் மரவெட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காடுகளைக் காக்க அது தேவைப்பட்டது. மத்தியப் பொதுப்பணித் துறை 1993-ல் தன் கட்டடங்களில் மரப் பயன்பாட்டுக்கு விதித்த தடை, 2020-ல்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் மலையூர்களைக் கான்கிரீட் ஆக்கிரமித்தது; தச்சர்களின் கைத்திறன் குன்றியது.

தரவிதியை வகுக்கும் அமைப்பு நுகர்வோர் விவகார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. காடு சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம். பொதுப்பணித் துறை நகர்ப்புற விவகார அமைச்சகத்திடம். பேரிடர் மேலாண்மை உள்துறையிடம். ஒரே சுவருக்கு நான்கு அமைச்சகங்கள், பொறுப்பேற்க ஒன்றுமில்லை.

வளர்ப்புத் தோட்ட மரங்களை மலைவாழ் மக்களுக்கு நியாய விலையில் வழங்குவதும், தச்சர்களுக்குத் தரவிதியின்படி பயிற்சி அளிப்பதும் காட்டை அழிக்காமலே செய்யக்கூடியவை. நிலநடுக்கத்துக்குப் பின் நிவாரணத் தொகையைப் பற்றி அவையில் விவாதிப்பதைவிட, அதற்கு முன்பே சுவரைப் பற்றிக் கேள்வி எழுப்புவது உறுப்பினர்களுக்கு அழகு.