பதில் சொல்லாத நோயாளி



வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் விழுந்து கிடந்த ஒரு சகோதரரை ஓர் இரவு ஆட்டோவில் நமது அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை. சட்டையில் மது நெடி. "குடிச்சிட்டு விழுந்துட்டார் ஐயா" என்று சொல்லிவிட்டு, ஆட்டோக்காரரும் உடன் வந்தவரும் வந்த வேகத்தில் கிளம்பிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், நாங்களும் அப்படியே எண்ணினோம். விடிந்தபின் புத்தி சொல்லலாம் என்றிருந்தோம்.

பணியிலிருந்த சிஸ்டர் அவர் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை 40க்கும் கீழே! நரம்பில் குளுக்கோஸ் ஏறிய சில நிமிடங்களில் அவர் கண் திறந்து, "எங்க இருக்கேன்?" என்றார்.

வெறும் வயிற்றில் குடித்தால், கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்கி இரத்தத்தில் விடுவது தடைபடும். ஆகவே மது நெடி அடித்தால்தான் சர்க்கரையைக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று டாக்டர் எங்களுக்கு விளக்கினார்.

மற்ற நோயாளிகள் வலிக்கும் இடத்தைக் காட்டுவார்கள். இவர்களோ ஒன்றும் சொல்லமாட்டார்கள். இதற்காக 1974ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, ஆகமொத்தம் 15. எந்த அசைவும் இல்லாதவருக்கும் 3 உண்டு. யாருக்கும் பூஜ்யம் போடாத இந்தக் கணக்கு எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் எண்ணும் ஏமாற்றும். முகம் வீங்கினவர் கண் திறக்க முடியாது. பக்கவாதம் சிலருக்குப் பேச்சை மட்டும் எடுத்துவிடும். அம்பத்தூர் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா சகோதரர்களிடம் தமிழில் "இது எந்த மாசம்?" என்று கேட்டால் விழிக்கத்தான் செய்வார்கள், மூளையில் கோளாறு இல்லை, பாஷைதான் தெரியவில்லை. தலையில் அடிபட்ட சிலர் முதலில் தெளிவாகப் பேசுவார்கள். மண்டை ஓட்டுக்குள் இரத்தம் கட்டக் கட்ட, சில மணி நேரத்தில் நினைவு மங்கும். அதனால்தான் தூங்குகிறவரையும் சிஸ்டர்கள் அரைமணிக்கொரு தரம் எழுப்பிப் பார்க்கிறார்கள். உறவினர் கோபித்துக்கொள்வதும் உண்டு!

இப்படிப்பட்டவருக்கு, பார்த்தவர் சொல்லும் வார்த்தையே வாய். வலிப்பு வந்ததா? மயங்கி விழுந்தாரா, விழுந்தபின் மயங்கினாரா? பக்கத்தில் மருந்து பாட்டில் கிடந்ததா? போலீசுக்குப் பயந்து பலர் நிற்பதில்லை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்ல எண்ணத்தோடு உதவுகிறவர்மீது வழக்கு வராது என்று 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 2020ல் வந்த விதிகளின்படி, பெயர் சொல்லும்படியும் அவரை வற்புறுத்தக்கூடாது. நாம் ஞாயிறு பள்ளியில் கேட்ட 'நல்ல சமாரியன்' என்ற பெயரையே சட்டமும் அவருக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே யாரையாவது கொண்டுவந்தால், தயவுசெய்து ஐந்து நிமிடம் நின்று, கண்டதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மறுநாள் மாலை அந்த ஆட்டோக்காரர் விசாரிக்க வந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்றபோதே அந்தச் சகோதரருக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியதாம்; விழுந்தது அதற்குப் பிறகுதானாம். முந்தின இரவு அவரை நிறுத்தி இதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.