பீரங்கி முனையில் எழுதிய கடன்பத்திரம்

ஜனவரி முதல் தேதியன்று ஹைட்டி தேசத்தில், ஏழை பணக்காரர் என்ற பேதமில்லாமல், வீட்டுக்கு வீடு அடுப்பில் பரங்கிக்காய் சூப் கொதித்துக்கொண்டிருக்கும். பிரெஞ்சுத் துரைமாருடைய மேஜைக்கே உரியதென்று அடிமைகளுக்கு மறுக்கப்பட்டிருந்த அந்தச் சூப்பை, சமைத்துப் பரிமாறிய கைகளே எடுத்து வயிறாரப் பருகிய நாள் 1804-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, அதாவது சுதந்திரம் பிரகடனமான நாள் என்று, தாயும் பாட்டியும் குழந்தைகளுக்குச் சொல்லிச் சொல்லியே அந்த வழக்கம் நிலைத்திருக்கிறது. 2021-இல் யுனெஸ்கோவும் அதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ருசியான சங்கதிதான். இதற்குப் பின்னால் கசப்பான சங்கதி ஒன்றும் உண்டு. ஹைட்டியின் வறுமையைப் பத்திரிகையில் படித்துவிட்டு, தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளத் தெரியாத ஜனங்கள் என்று எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் அதையும் கேட்டுக்கொள்வது நியாயம்.

கரிபியன் கடலிலுள்ள ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதி 1697-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஸ்பெயினிடமிருந்து பிரான்ஸின் வசமாயிற்று. 'சான் தொமாங்' என்று அவர்கள் பெயரிட்ட அந்தச் சிறு நிலப்பரப்பு, அடுத்த நூறாண்டுக்குள், பிரெஞ்சு சாம்ராஜ்யத்தின் காமதேனுவாகவே ஆகிவிட்டது. ஐரோப்பா பருகிய காப்பியில் பாதிக்கு மேலும், தின்ற சர்க்கரையில் பெரும் பங்கும் அங்கிருந்துதான் கப்பலேறின. அந்தப் பாலைக் கறந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1789 வாக்கில், ஏறக்குறைய 30,000 வெள்ளையர்களுக்கு 5 லட்சம் அடிமைகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் பிறப்பைவிட இறப்பே மிகுதியாக இருந்தபடியால், ஆண்டுதோறும் புதிய அடிமைகளை வாங்கி இறக்கிக்கொண்டே இருந்தார்கள்; மாட்டைப் பேணி வளர்ப்பதைவிட உழைக்க வைத்துத் தீர்த்துவிட்டு வேறு மாடு வாங்குவது லாபம் என்று கணக்குப் போடும் குடியானவன் உலகத்தில் எங்கேனும் உண்டா என்பது எனக்குச் சந்தேகம்.

1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழ, வடக்குச் சமவெளியின் கரும்புக் காடுகள் பற்றியெரிந்தன. அந்தக் கிளர்ச்சியிலிருந்து உருவானவர் தூசான் லூவெர்த்தூர் என்ற மகா சேனாபதி. பாரிஸின் புரட்சி அரசாங்கம் 1794-இல் அடிமை முறையை ஒழித்ததும், மீண்டும் அதை நிலைநாட்ட நெப்போலியன் தன் மைத்துனன் லெக்லேரின் தலைமையில் பெரும்படை அனுப்பியதும், தூசானை வஞ்சகமாகப் பிடித்து மலைக்கோட்டைச் சிறையில் குளிரில் சாகவிட்டதும், மஞ்சள் காய்ச்சல் அந்தப் படையையும் லெக்லேரையும் வாரிக்கொண்டதும் தனியே விரித்துச் சொல்ல வேண்டிய கதைகள். முடிவில், 1803 நவம்பரில் வெர்த்தியேர் போரில் வென்ற கிளர்ச்சித் தளபதி தெசலீன், அந்த மண்ணின் ஆதிக்குடிகள் வைத்திருந்த 'ஹைட்டி' என்ற பெயரையே புதிய ராஜ்யத்துக்குச் சூட்டினார். மலைநாடு என்பது அதன் பொருள். எஞ்சியிருந்த பிரெஞ்சுக்காரர்களில் பெரும்பாலோரை அவர் கொன்று குவித்ததையும் சரித்திரம் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

வென்றவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. பிரெஞ்சுக்காரன் எந்த நாளும் திரும்பி வருவான் என்ற அச்சத்தில், வடபகுதியை ஆண்ட ஆன்றி கிறிஸ்தோஃப், சுமார் 3,000 அடி உயர மலையுச்சியில் ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கல் சுமக்கவைத்து ஒரு பிரும்மாண்டமான கோட்டை எழுப்பினான். அதன் பீரங்கிகளும் அடுக்கிவைத்த குண்டுகளும் இன்றைக்கும் அங்கேயே இருக்கின்றன. பிரெஞ்சுக்காரன் வரத்தான் வந்தான். ஆனால் அந்தக் கோட்டை இருந்த வழியாக வரவில்லை.

1825 ஜூலையில், மக்கோ என்ற பிரபு, பிரான்ஸின் மன்னன் பத்தாம் சார்லஸ் கையொப்பமிட்ட கட்டளை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸில் வந்து இறங்கினார். அவருக்குத் துணையாக நின்றவை 14 போர்க்கப்பல்கள், அவற்றில் 500-க்கும் மேற்பட்ட பீரங்கிகள். சான் தொமாங்கின் 'தற்போதைய குடிகளுக்கு' மன்னன் பெருமனதுடன் சுதந்திரம் வழங்கச் சித்தமாயிருக்கிறான் என்றும், அதற்கு ஈடாக, தோட்டங்களையும் உடைமைகளையும் இழந்த பழைய துரைமாருக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்கை ஐந்து தவணைகளில் கட்ட வேண்டும் என்றும், பிரெஞ்சுச் சரக்குக்குச் சுங்கத்தில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்றும் கட்டளை கூறியது. ஹைட்டி என்ற பெயரை உச்சரிக்கக்கூட மன்னனுக்கு மனம் வரவில்லை. தொகையின் கனம் விளங்க ஓர் ஒப்பீடு போதும்: 1803-இல் நெப்போலியன், ஒரு கண்டத்தின் நடுப்பகுதி முழுவதையும் அடக்கிய லூயிசியானாவை அமெரிக்காவுக்கு 8 கோடி பிராங்குக்கு விற்றான், இங்கே ஒரு தீவின் மூன்றிலொரு பங்கில் வாழ்ந்தவர்கள், இருபது ஆண்டுகளுக்கு முன் ரத்தம் சிந்தித் தாங்களே மீட்டுக்கொண்ட தங்கள் உடம்புகளுக்கு ஏறக்குறைய அதைப் போல் இரு மடங்கு கொடுக்க வேண்டியதாயிற்று. துரைமார் இழந்ததாகச் சொன்ன உடைமையில் அடிமைகளும் அடக்கமல்லவா!

ஹைட்டியின் ஜனாதிபதி புவாயே மறுத்திருக்கலாமே என்று இன்று சொல்வது சுலபம். பிற தேசங்களோ இந்த நாட்டை ஒரு நாடாகவே ஒப்புக்கொள்ளாமல் ஒதுக்கி வைத்திருந்தன. பக்கத்திலிருந்த அமெரிக்கா 1862 வரைக்கும் அங்கீகரிக்கவில்லை. புவாயே இணங்கினார். முதல் தவணை 3 கோடி பிராங்குக்குக் கஜானாவில் வழியில்லாததால், பாரிஸிலேயே 3 கோடிக்குக் கடன் எடுக்க நேர்ந்தது. நூறு ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முன்வட்டி பிடித்து எண்பது ரூபாயைக் கையில் வைக்கும் லேவாதேவிக்காரரின் வித்தை பாரிஸ் வங்கியாளர்களுக்கும் தெரிந்திருந்தது: ஹைட்டிக்கு வரவானது 2 கோடியே 40 லட்சம், வட்டியோ முழு 3 கோடிக்கும், நூற்றுக்கு ஆறு. நஷ்டஈடு ஒரு கடன், அதைக் கட்ட வாங்கியது இன்னொரு கடன்; இதை 'இரட்டைக் கடன்' என்று சரித்திராசிரியர்கள் சொல்லுகிறார்கள். தவணை தவறியது, வட்டி ஏறியது. 1838-இல் ஒரு புதிய உடன்படிக்கை நஷ்டஈட்டை 9 கோடியாகக் குறைத்தது. குறைத்ததை ஒரு தயவாகவும் பேசிக்கொண்டார்கள்.

கட்டியவர் யார் என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. தளபதிகளும் நகரத்துத் தனவந்தர்களும் அல்லர். தோட்ட அடிமைத்தனத்துக்குத் திரும்பமாட்டோம் என்று மலைச்சரிவுகளில் துண்டு நிலம் தேடிக் காப்பிச் செடி வைத்த குடியானவன் தலையில்தான், ஏற்றுமதியாகும் காப்பிமீது போட்ட வரியின் உருவத்தில், அந்தச் சுமை முழுவதும் இறங்கியது. 1826-இல் புவாயே இயற்றிய கிராமச் சட்டம், அவன் நிலத்தை விட்டு நகரக் கூடாது, உத்தரவின்றி நகரங்களில் திரியக் கூடாது என்று விதித்தது. சாட்டை பிடித்த கையின் நிறம் மாறிற்று என்று சொன்னால் மிகையாகாது. ஹைட்டியின் ஆளும் கூட்டத்தாரை இந்தக் குற்றத்திலிருந்து விடுவிக்க எனக்கு மனமில்லை. ஆயினும் பள்ளிக்கூடத்துக்கும் பாலத்துக்கும் போயிருக்க வேண்டிய காப்பி வரி, கடல் கடந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், நல்லவனே ஆண்டிருந்தாலும் எதைக் கொண்டு நாட்டைக் கட்டியிருப்பான்?

ஒரு கடனை அடைக்க மறு கடன் என்று சங்கிலி நீண்டது. 1880-இல் நிறுவப்பட்ட ஹைட்டியின் 'தேசிய' வங்கிக்குச் சொந்தக்காரன் ஒரு பாரிஸ் வங்கி. ஐஃபல் கோபுரத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் அதுவும் ஒன்று. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டியின் தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் பெறுமான தங்கத்தைப் பட்டப்பகலில் எடுத்து நியூயார்க்குக்கு ஏற்றினார்கள். மறு ஆண்டே நாட்டையும் எடுத்துக்கொண்டு 1934 வரை ஆண்டார்கள். அந்நியர் நிலம் வாங்கக் கூடாதென்று தெசலீன் காலத்திலிருந்து இருந்த தடை 1918-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் மறைந்தது. பழைய கடன்களைத் திரட்டி 1922-இல் நியூயார்க்கில் வாங்கிய கடன் 1947-இல்தான் தீர்ந்தது. பிரிட்டன் மட்டும் யோக்கியம் என்று எண்ண வேண்டாம். அதுவும் 1833-இல் அடிமைகளை விடுவிக்கச் சட்டம் இயற்றியபோது 2 கோடி பவுன் நஷ்டஈட்டை எஜமானர்களுக்கே ஒதுக்கியது.

2003-ஆம் ஆண்டில் ஜனாதிபதி அரிஸ்தீத், வட்டியும் முதலுமாகப் பிரான்ஸ் திருப்பித்தர வேண்டிய தொகை 21,685,135,571 டாலர் 48 செண்டு என்று கேட்டார். அந்த 48 செண்டை வைத்துப் பலரும் பரிகாசம் செய்தார்கள். மறு ஆண்டு அவர் பதவியிழந்தார். பத்தாம் சார்லஸின் கட்டளை பிறந்த இருநூறாவது ஆண்டு நாளான 2025 ஏப்ரல் 17 அன்று, இரு நாட்டுச் சரித்திராசிரியர்களும் கூடி ஆராய ஒரு குழு அமையும் என்று பிரெஞ்சு ஜனாதிபதி மாக்ரோன் அறிவித்தார். அவர்களுக்குச் சாட்சியத்துக்குப் பஞ்சமிராது. நஷ்டஈட்டை யார் யாருக்குப் பங்கிட்டது என்று, பழைய தோட்டக்காரர் பெயர், தோட்டம், கொடுத்த பிராங்கு என வரிசையாக, பிரெஞ்சு அரசாங்கமே அந்தக் காலத்தில் ஆறு பாகங்களாக அச்சிட்டு வைத்திருக்கிறது.