விடுபட்ட இடங்களும் ரசிகர் உரைகளும்: ‘கில்லர் செவன்’ காணொளி விளையாட்டின் அரசியல் கதையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

2005ஆம் ஆண்டு ஜப்பானில் உருவாகி வெளிவந்த ‘கில்லர் செவன்’ என்னும் காணொளி விளையாட்டின் அரசியல் கதை, சொல்லாமல் விடப்பட்ட இடங்களால் நிறைந்தது. அவ்விடங்களை நிரப்ப ரசிகர்கள் எழுதிவரும் விளக்கங்களை ஒருவகை உரையாகக் கொண்டு இக்கட்டுரை அணுகுகிறது. அவற்றுள் எவை பனுவலைத் திறக்கின்றன, எவை பனுவல் பேசும் சதிக்கதையின் போக்கைத் தாமும் மேற்கொள்கின்றன என்பதைப் பிரித்தறிய முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, ரசிகர் உரை, எச்சம், மாட்டு, சதிக்கதை, ஜப்பான் – அமெரிக்க உறவு

முன்னுரை

காணொளி விளையாட்டு என்றதும் நம் கல்விப்புலத்தில் முதலில் எழும் பேச்சு, சிறார் நலம் பற்றியதாகவோ நேர விரயம் பற்றியதாகவோ இருக்கிறது. அதனைக் கதைப்பனுவலாக வாசிக்கும் முயற்சி அரிது. அக்கதைக்கு விளையாடுவோர் எழுதும் பொருள்விளக்கங்களைக் கவனிப்பது அதனினும் அரிது. ஊதியமோ பட்டமோ கருதாமல், ஒரு பனுவலின் சொல்லையும் படிமத்தையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, முன்னோர் விளக்கத்தை மறுத்தும் ஏற்றும் நூறு பக்க அளவில் எழுதுவோரை ‘ரசிகர்’ என்னும் ஒரு சொல்லால் கடந்துவிட முடியாது. அவர்கள் செய்வது உரை. உரை என்று ஒப்புக்கொண்ட பின், அது நல்லுரையா என்று கேட்கும் உரிமையும் நமக்கு வந்துவிடுகிறது.

கதையும் அதன் மறைப்பும்

‘கில்லர் செவன்’ விளையாட்டைக் கிராஸ்ஹாப்பர் மேனுஃபேக்சர் நிறுவனம் உருவாக்க, கேப்காம் நிறுவனம் வெளியிட்டது. இயக்கியவர் கோய்ச்சி சுதா. கதையாக்கத்தில் ஷின்ஜி மிகாமியும் பங்குகொண்டார். கேம்கியூப், பிளேஸ்டேஷன் 2 ஆகிய கருவிகளுக்காக வந்த இது, 2018ஆம் ஆண்டு கணினிக்கும் வந்தது. அக்கணினிப் பதிப்பே இக்கட்டுரைக்கு அடிப்படை.

கதை நிகழும் உலகில் நாடுகள் யாவும் உடன்படிக்கை செய்துகொண்டு தம் அணு ஆயுதங்களை வான்வெளிக்கு அனுப்பி அழித்துவிடுகின்றன. பயங்கரவாதத்தையும் கொள்ளைநோயையும் தடுக்கவென விமானப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. பொதுமக்களின் இணையப் பயன்பாடும் ஒழிக்கப்படுகிறது. அவ்வமைதிக்குள் ‘ஹெவன் ஸ்மைல்’ எனப்படும், சிரித்துக்கொண்டே வெடிக்கும் மனித உருக்கள் தோன்றுகின்றன. அவற்றை ஆக்குபவன் குன் லான். அவற்றை எதிர்க்கும் கூலிக் கொலைஞர் குழுவின் தலைவர், சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர் ஹார்மன் ஸ்மித். எழுவர் அவருக்குள் ஆளுமைகளாக வாழ்கின்றனர். குன் லானும் ஹார்மனும் எதிரெதிரே அமர்ந்து சதுரங்கம் ஆடுவதும் உண்டு.

இதுவரை உள்ளது மாயக்கதை. இரண்டாம் இயலான ‘சன்செட்’டில் கதை திடீரென ஜப்பானிய உட்கட்சி அரசியலுக்குள் நுழைகிறது. ஐக்கிய நாடுகள் கட்சி, லிபரல் கட்சி என இரு கட்சிகள். அவற்றுக்கிடையே ‘யாகுமோ’ என்னும் மறை ஆவணம். ஒரு நாட்டை எவ்வாறு நடத்துவது என்பதற்கான கொள்கை அதில் உள்ளதாம். எழுதியோர் ஒருவர், அதனைக் கைப்பற்றி ஆண்டோர் வேறொருவர். இதற்கிடையே 200 ஏவுகணைகள் ஜப்பானை நோக்கிச் செலுத்தப்படுகின்றன. இச்செய்திகள் எவையும் நின்று நிதானமாக விளக்கப்படுவதில்லை. பின்புலத்தை எடுத்துரைப்போருள் பலர் இறந்தோரின் ஆவிகள். அவர்தம் குரல் இயந்திரத்தால் சிதைக்கப்பட்டது போல் ஒலிப்பதால் திரையில் ஓடும் எழுத்தின் துணையின்றி ஒரு தொடரும் புரியாது. அவ்வாவிகளுள் ஒருவனாகிய டிராவிஸ், காட்சிக்குக் காட்சி வேறு வாசகம் பொறித்த சட்டையோடு வருவான். சட்டை வாசகத்தையும் சான்றாகக் கொள்ளும் விளக்கங்கள் உள்ளன. முதன்முறை விளையாடியபோது எனக்கு அரசியல் பகுதி ஏறத்தாழ விளங்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை.

எது பனுவல்?

ரசிகர் விளக்கங்களுக்கிடையிலான பூசல்களைப் பொருள் வேறுபாடு என்று எண்ணி அணுகினால் ஏமாற்றமே மிஞ்சும். அவற்றுள் பெரும்பாலானவை பனுவல் எல்லை பற்றியவை. 2005ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய மொழியில் ‘ஹேண்ட் இன் கில்லர் செவன்’ என்னும் துணைநூல் வெளிவந்தது. விளையாட்டில் இல்லாத பின்புலச் செய்திகள் பல அதில் உள்ளன. அவற்றுள் சில, விளையாட்டில் காண்பனவற்றோடு பொருந்தவில்லை என்பது ரசிகரிடையே நெடுங்காலமாகப் பேசப்படும் குறை. துணைநூலை ஏற்போர்க்குக் கதை ஒரு காலவரிசை. எந்த ஆண்டில் எவர் எவரைக் கொன்றார் என்பது தெளிந்தால் போதும். மறுப்போர்க்கு அந்நூல் பிற்சேர்க்கை. விளையாட்டு சொல்லாததை அது சொன்னால் அது இடைச்செருகல்.

ஆசிரியரின் வாய்மொழியும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. விடுபட்ட பகுதிகளைச் சேர்த்து ஒரு முழுமைப் பதிப்பு கொணரும் விருப்பம் பற்றிச் சுதாவும் மிகாமியும் 2024ஆம் ஆண்டு பேசியுள்ளனர். ஆசிரியர்களே தம் பனுவலை முழுமையற்றது எனக் கருதும்போது, இன்றுள்ள விடுபடல்களுள் எது திட்டமிட்டது, எது காலமும் பணமும் இல்லாமல் நேர்ந்தது என்று வெட்டிப் பிரிக்க இயலாது. ஆயினும் விளையாடுவோர் கைக்குக் கிடைத்தது குறையுடைய இப்பனுவலே. இருபதாண்டுகளாகப் பொருள்தந்து வருவதும் இதுவே.

கட்சியும் பள்ளியும்

கட்சிப் பெயர்களை வரலாற்றோடு பொருத்தும் விளக்கங்கள் வலுவானவை. 1955ஆம் ஆண்டு தோன்றிய லிபரல் ஜனநாயகக் கட்சி, சிறு இடைவெளி தவிர, இவ்விளையாட்டு வெளிவந்த காலம்வரை ஜப்பானை ஆண்டுவந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தம் அதன் அயலுறவின் அச்சு. 1956ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையில் சேர்ந்த ஜப்பான், மறு ஆண்டே அவ்வவையை மையமாகக் கொண்ட அயலுறவைத் தன் மூன்று கோட்பாடுகளுள் ஒன்றாக அறிவித்தது. அமெரிக்கா ஒருபுறம், உலக அவை மறுபுறம் என்னும் இழுபறி ஜப்பானுக்குப் புதிதன்று. இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஆகியவற்றோடு சேர்ந்து பாதுகாப்பு அவையில் நிலையான இடம் கேட்டு ஜப்பான் முனைந்ததும் இவ்விளையாட்டு வெளிவந்த 2005ஆம் ஆண்டிலேயாகும். கற்பனைக் கட்சிகள் இரண்டும் இவ்விழுபறியின் இரு முனைகள் என்று கொள்ளப் பனுவல் இடம்தருகிறது.

‘ஸ்மைல்’ இயலில் வரும் கோபர்ன் தொடக்கப்பள்ளி இதனினும் செறிவானது. சியாட்டில் நகரத்துப் பள்ளி ஒன்றினுள்ளிருந்து அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல்களை ஜப்பான் இயக்கி வந்தது என்பதும், அங்கேயே ஒரு சிறுவன் கொலைஞனாகப் பயிற்றப்பட்டான் என்பதும் அவ்வியலில் தெரியவருகின்றன. 537 வாக்கு வேறுபாட்டில் புளோரிடா மாநிலம் முடிவான 2000ஆம் ஆண்டுத் தேர்தலை இதனோடு பொருத்துவது எளிது. பள்ளி வாக்குச்சாவடியாவது அங்கும் வழக்கம், ஜப்பானிலும் வழக்கம். நமக்கும் அது புதிதன்று.

எனினும் 1945க்குப் பிந்திய ஆக்கிரமிப்புக் காலமே இப்பள்ளிக்குப் பொருத்தமான பின்புலம் என்பது என் கருத்து. அமெரிக்க ஆக்கிரமிப்பின்கீழ் ஜப்பானின் அரசியலமைப்பு மாற்றி எழுதப்பட்டு 1947 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. கல்வி அடிப்படைச் சட்டமும் அதே ஆண்டு வந்தது. ஆட்சிமுறையும் வகுப்பறையும் வெளியாரின் மேற்பார்வையில் ஒருசேர மாறிய அனுபவம் ஜப்பானுடையது. விளையாட்டு அவ்வனுபவத்தை அப்படியே தலைகீழாக்கி அமெரிக்க மண்ணில் நட்டுவைக்கிறது. வென்றவரின் மக்களாட்சியைத் தோற்றவர் பள்ளிக்கூடம் வழியாக நடத்துகிறார். இதைப் பழிவாங்கும் கனவு எனவும் கொள்ளலாம், அக்கனவின் மீதான நையாண்டி எனவும் கொள்ளலாம்.

மாட்டும் சதியும்

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் எச்சம், மாட்டு ஆகிய இரண்டும் உண்டு. சொல்லப்படாமல் நின்று கேட்போரால் நிறைவுறுவது எச்சம். தொலைவில் கிடப்பனவற்றைப் பொருள் முடியுமாறு கொண்டுவந்து இணைப்பது மாட்டு. பத்துப்பாட்டு உரையில் நச்சினார்க்கினியர் மாட்டினைப் பெரிதும் கையாண்டதும், முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறைமலையடிகள் அதனை மறுத்ததும் நாம் அறிந்தவை. எங்கு கிடக்கும் சொல்லையும் எங்கும் இணைக்கலாம் என்றால் புலவன் அமைத்த வரிசைக்கு என்ன பொருள் என்னும் அவ்வினா, இவ்விளையாட்டின் ரசிகர் உரைகளை வாசிக்கும்தோறும் எனக்குத் திரும்பத் திரும்ப எழுந்தது.

இங்குள்ள இடர், செய்யுளில் உள்ளதினும் பெரிது. பனுவலே ஒரு சதியைச் சொல்கிறது: மறை ஆவணம், மறைந்த கை, பள்ளியின் அடித்தளத்தில் உலக அரசியலின் திறவுகோல். அதனை நெடுநேரம் வாசிப்பவர், தற்செயல் என ஒன்றும் இல்லை என்று நம்பத் தொடங்குகிறார். அவ்வழியில் செல்வது எவ்வளவு எளிது என்பதற்கு நானே ஒன்றைக் கட்டிக் காட்டுகிறேன். ‘யாகுமோ’ என்பது லாஃப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளர் ஜப்பானியக் குடியுரிமை பெற்றபோது சூடிய பெயர். முழுப்பெயர் கொய்சுமி யாகுமோ. விளையாட்டு வெளிவந்தபோது ஜப்பானின் தலைமை அமைச்சர் ஜுனிச்சிரோ கொய்சுமி. அவர் லிபரல் ஜனநாயகக் கட்சியினர். அமெரிக்காவுக்குத் துணையாக 2004ஆம் ஆண்டு ஈராக்கிற்குப் படையனுப்பியவர். ஆகவே யாகுமோ ஆவணம் கொய்சுமி அரசின் மறைபெயர். செய்திகள் அத்தனையும் உண்மை, இணைப்பும் அழகாக இருக்கிறது. ஆனால் பனுவலில் அதற்கு ஒரு சான்றும் இல்லை. கொஜிகி நூலில் சுசானோ என்னும் தெய்வம் பாடியதாக வரும் பாடலிலும் ‘யாகுமோ’ என்னும் சொல் உண்டு. அதிலிருந்து புறப்பட்டால், ஆவணம் ஜப்பானிய இனத்தொன்மையின் குறியீடு என்று இதே எளிமையோடு நிறுவிவிடலாம். ஒன்றுக்கொன்று முரணான இரு முடிவுகளை ஒரே முறை தடையின்றித் தருமாயின், அம்முறை எதையும் நிறுவவில்லை.

கட்சிப்பெயர் விளக்கத்தையும் இப்பெயர் விளக்கத்தையும் பிரிக்கும் கோடு இங்கேதான் உள்ளது. முன்னதை மறுக்க வழி உண்டு. ஐக்கிய நாடுகள் கட்சி அமெரிக்கச் சார்பினதாகவோ லிபரல் கட்சி ஆட்சியறியாததாகவோ பனுவலில் காட்டப்பட்டிருந்தால் அவ்விளக்கம் விழுந்திருக்கும். பின்னதை மறுக்கப் பனுவலில் எதைத் தேடுவது? தேர்ந்த ரசிகர் உரையாளர் சிலர் இதனை உணர்ந்தே, ‘இவ்விடத்தில் விளையாட்டு விடை தரவில்லை’ என எழுதி நிறுத்திக்கொள்கின்றனர். காலவரிசை அட்டவணை போடுவோர்க்கு அது தோல்வியாகத் தெரிகிறது. 200 ஏவுகணைகளின் விளைவை உறுதிசெய்ய எழுதப்பட்ட பக்கங்களைக் காட்டிலும், அவ்விளைவைத் தெளிவாக்காமலே கதை அடுத்த இயலுக்கு நகர்ந்துவிடுவதைக் கவனிக்கும் ஒரு பத்தி எனக்குப் பயன்பட்டது. ஒரு நாட்டின் அழிவு பற்றிய செய்தி, அதனைத் தடுக்கவோ அறியவோ இயலாத கூலியாளுக்கு இப்படித்தான் வந்து சேரும். அரைகுறையாகவும் சிதைந்த குரலிலும்.

போர்க்கப்பல் தீவு

இறுதி இயலான ‘லயன்’, நாகசாகிக்கு அருகிலுள்ள ஹஷிமா தீவில் நிகழ்கிறது. போர்க்கப்பல் போன்ற தோற்றத்தால் குன்கஞ்ஜிமா என வழங்கப்பெறும் அத்தீவு, 1890ஆம் ஆண்டு மித்சுபிஷி வாங்கிய நிலக்கரிச் சுரங்கம். 1974ஆம் ஆண்டு மூடப்பட்டு ஆளற்றுப்போனது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொரியரும் சீனரும் அங்கு வலிந்து வேலைவாங்கப்பட்டனர். விளையாட்டில் இதற்கு ஒரு சொல்கூட இல்லை. 2015ஆம் ஆண்டு இத்தீவு யுனெஸ்கோ மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றபோது தென்கொரியா எழுப்பிய எதிர்ப்பால் இவ்வரலாறு உலகறியப் பேசப்பட்டது. அதற்குமுன் அழகிய இடிபாடாக மட்டும் தெரிந்திருக்கக்கூடிய களம், இன்று விளையாடுபவர்க்கு அவ்வாறு தெரியாது. பனுவல் மாறவில்லை, அதன் எச்சம் மாறியிருக்கிறது. ஜப்பான் – அமெரிக்கா என்னும் இருவர் சதுரங்கமாக அனைத்தையும் விளக்கும் உரைகள் இத்தீவில் வந்து தடுமாறுகின்றன. இச்சுரங்கத்தில் மடிந்தோர் அச்சதுரங்கத்தின் காய்களாகக்கூட இல்லை.

அத்தீவில் மத்ஸுகென் என்னும் இளம் அரசியல்வாதியைக் கொல்வதா விடுவதா என்னும் தெரிவு விளையாடுபவர் கையில் தரப்படுகிறது. விட்டால் ஜப்பான் அமெரிக்காவைத் தாக்கும். கொன்றால் அமெரிக்கா தீவை அழிக்கும். எது ‘உண்மையான’ முடிவு என்பது ரசிகரிடையே நீளும் வழக்கு. இருமுறை விளையாடி இரண்டையும் பார்த்தேன். எதைத் தேர்ந்தாலும் கதை நூறாண்டு தாண்டி ஷாங்காய் நகரில், ஹார்மனும் குன் லானும் மீண்டும் எதிரெதிரே நிற்கும் ஒரே காட்சியில்தான் முடிகிறது.