பப்பாளிப் பாலில் ஒரு கந்தக அணு

முற்றிய ஆட்டுக்கறி சீக்கிரம் வேகட்டும் என்று இரண்டு துண்டு பப்பாளிக்காய் சேர்ப்பது நம் அடுப்படிகளில் பழைய வழக்கம். காயிலுள்ள ஏதோ காரம் கறியைக் கரைத்துவிடுகிறது என்று நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. காயின் பாலிலுள்ள பப்பைன் என்ற நொதி, புரதச் சங்கிலியை இடம் பார்த்து வெட்டுகிறது. அந்த வெட்டும் திறன் முழுக்க ஒரே ஒரு கந்தக அணுவை நம்பியிருக்கிறது. இதற்கான தடயம் ஆய்வகத்தில் மட்டுமல்ல, தோட்டத்திலும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் முக்கியமாகப் பாலுக்கென்றே வந்தது. பால் எடுப்பவர்கள் முற்றிய பச்சைக் காயைக் காலையிலேயே கீறுவார்கள். துருப்பிடிக்காத பிளேடுதான் வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது. பிறகு பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டு கலந்து, மிதமான சூட்டில் உலர்த்துவார்கள். நொதியிலுள்ள அந்தக் கந்தகம் காற்றோடும் உலோகத்தோடும் எளிதில் வினைபுரியக்கூடியது. இந்தப் பக்குவத்தில் பெரும்பகுதி அதைக் காக்கத்தான்.

பப்பைன் 212 அமினோ அமிலங்களாலானது. 1968இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் யான் டிரென்த் குழுவினர் எக்ஸ்-கதிர் கொண்டு அதன் உருவத்தைக் கண்டார்கள்: இரண்டு புடைப்புகள், நடுவே ஒரு பள்ளம். புரதச் சங்கிலி அந்தப் பள்ளத்தில் வந்து படிகிறது. வெட்டுமிடத்துக்கு முன்னே ஃபினைல்அலனின் போல எண்ணெய்த்தன்மை கொண்ட அமிலம் இருந்தால் நன்றாகப் பொருந்தும். நொதியின் 25ஆம் இடத்திலுள்ள சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம், 159ஆம் இடத்து ஹிஸ்டிடினிடம் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, புரதச் சங்கிலியை இணைக்கும் பெப்டைடு பிணைப்பின் கார்பனைத் தாக்குகிறது. சங்கிலியின் ஒரு பாதி விலகிப் போகிறது, மறுபாதி கந்தகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்து ஒரு நீர் மூலக்கூறு வந்து அதையும் விடுவிக்க, நொதி பழையபடி அடுத்த வெட்டுக்குத் தயார். நொதியில்லாத வெறும் நீரில் இதே பிணைப்பு அறுபட நூற்றாண்டுகள் ஆகும்.

நம் இரைப்பையின் பெப்சினுக்குக் கந்தகம் தேவைப்படவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். அது இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்களை வைத்து நீரையே ஏவிவிடுகிறது. கணையத்தின் டிரிப்சினோ செரினின் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. கருவி மாறினாலும், சரியான அணு சரியான இடத்தில் நிற்க வேண்டும் என்பது மூன்றுக்கும் பொது. அப்படியானால் பப்பாளி தன்னையே ஏன் தின்றுவிடுவதில்லை? செடிக்குள் பப்பைனின் பள்ளத்தை அதன் சொந்தச் சங்கிலியின் ஒரு துண்டே அடைத்திருக்கிறது; காயம் பட்டுப் பால் வடியும்போதுதான் அது அறுந்து விலகும். விருந்துக்குப் பின் பழுத்த பப்பாளி சாப்பிட்டால் கறி செரிக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் இந்த வேதியியல் தாங்கிப் பிடிக்காது: காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடுகிறது, அந்த வேலையைச் செய்ய பெப்சினும் டிரிப்சினும் ஏற்கெனவே வயிற்றில் இருக்கின்றன.